ஒரு காலண்டர், ஒரு கட்டம், ஒரு பட்டன்

சிதம்பரம் குமுதவல்லி மகாலில் வைகாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், சாயங்காலம் நாலு மணிக்கு, இரண்டு மாப்பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பெண்களும் இரண்டு பேர்தான், அதில் குழப்பம் ஒன்றுமில்லை. மண்டபம்தான் ஒன்றே ஒன்று. புவனகிரிக்காரர்களுக்கு மறுநாள் வெள்ளி காலை நாலரையிலிருந்து ஆறுக்குள் முகூர்த்தம். காட்டுமன்னார்கோயில்காரர்களுக்கு அதே வெள்ளி ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். இரண்டு வீட்டுச் சமையல்காரர்களும் ஒரே அடுப்படிக்காக மல்லுக்கு நின்றார்கள். இரண்டு பேண்டு செட்டும் வாசலில் எதிரெதிரே நின்றுகொண்டு, யார் சத்தம் பெரிது என்று ஊருக்குக் காட்டின. ரிசப்ஷனுக்கு மேடையைக் கயிறு கட்டிப் பாதியாகப் பிரித்தார்கள். காலையில் முதல் ஜோடி மேடையை விட்டு இறங்க, இரண்டாவது ஜோடி ஏறியது. அவர்கள் தலைக்கு மேலே தெர்மாகோலில் முதல் ஜோடியின் பெயர்கள்தான் மின்னிக்கொண்டிருந்தன. அந்த வீட்டுக் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் பெயர் இன்றைக்கும் வேறுதான்.

இதற்கெல்லாம் காரணம் பெலிசியா என்று சபாபதி முடிவு செய்தபோது வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. நல்ல ராகுகாலம். நல்ல காரியங்களுக்குத்தான் அவர் ராகுகாலம் பார்ப்பார். பழி போடுவதற்கு எந்த நேரமும் உகந்த நேரமே.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டிபன் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது தில்லைச்சபா இன்ஃபோவேர்ல்டு. உலகம் என்று பெயரில் இருந்தாலும் உள்ளே நாலு பேர்தான். முதலாளி சபாபதி, சிதம்பரத்துக்காரர். அவருடைய மனைவியின் தம்பி சிலம்பரசன், சீனியர் புரோகிராமர். சீனியர் ஆனது அக்காவின் கல்யாணத்தால். மேனேஜர் ராமாமிர்தம், ரிட்டையர் ஆன பிறகும் ஒரு ஆபீஸ் இல்லாமல் இருக்க முடியாதவர். நாலாவது, வேலை செய்வதற்கு, பெலிசியா.

இவர்களுடைய பெருமை 'மங்கள மண்டபம் 7.0'. கல்யாண மண்டபங்களின் முன்பதிவைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் மென்பொருள். திறந்தால் முதலில் நாதஸ்வரம் ஒலிக்கும். அடுத்து, கைகூப்பிய சபாபதி. அதற்கடுத்து 'நிறுவனர் செய்தி', அது முடியும்வரை வேறு எதையும் தொட முடியாது. பிறகு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'கருத்து, ஆக்கம், மேற்பார்வை: சபாபதி'. தன் பெயரை எழுத இடம் கண்டால் விடமாட்டார் அவர். ஆபீஸில் தண்ணீர் கேன் வைத்திருக்கும் ஸ்டூலில்கூட பெயிண்டில் அவர் பெயர் இருக்கிறது.

"நீதானம்மா மாசி மாசம் சிதம்பரம் போயி புது வெர்ஷன் ஏத்திட்டு வந்த?" என்று கேட்டார்.

"ஆமா சார். சிலம்பரசன் சார் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தாரு, அத ஏத்தினேன்."

"அதுக்கு முன்னாடி ஒரு தப்பு வந்துதா?"

"இல்ல சார்."

"அப்ப?"

இந்த 'அப்ப?'வுக்குப் பதில் சொல்லும் மனிதர் இன்னும் பிறக்கவில்லை.

"திங்கக்கெழம சிதம்பரம் போறேன். மன்னிப்பு லெட்டரோட. தப்பு பண்ண ஆள வேலைய வுட்டு எடுத்துட்டோம்னு எழுதினாத்தான் அந்த மண்டபத்தம்மா கோவம் எறங்கும். உன்னால இல்லன்னா வேற எதனாலன்னு நாளைக்குள்ள காட்டு. காட்டலன்னா லெட்டர்ல உன் பேருதான்."

கடலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி என்று சொல்லிக்கொள்ள ஏழெட்டு இடங்கள் இருக்கின்றன. ஏழெட்டு முதலாளிகளும் டீ குடிப்பது ஒரே கடையில். அந்த லெட்டர் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் அதன் விஷயம் அந்த டீக்கடையைச் சுற்றி முடித்துவிடும். அப்புறம் பெலிசியா எங்கே போய் நின்றாலும் 'ஒரே மண்டபத்துக்கு ரெண்டு மாப்பிள்ளைய வரவெச்ச பொண்ணா?' என்றுதான் கேட்பார்கள். முதுநகரில் அவள் வீட்டிலிருந்து முதன்முதலாக மாதச் சம்பள வேலைக்கு வந்தவள் அவள். செய்யாத தப்புக்கு அது போகப்போகிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

தன் நாற்காலிக்குப் போய் 'மங்கள மண்டபம்' திறந்தாள். நாதஸ்வரம், கைகூப்பு, நிறுவனர் செய்தி. ஒரு முன்பதிவைப் போட்டுப் பார்க்க வேண்டுமானால் இருபத்தாறு கட்டங்கள் நிரப்ப வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயரையும் சமையல்காரரின் ஊரையும் கொடுக்காமல் அது நகராது. ஒரு தடவை போட்டுப் பார்க்கப் பத்து நிமிஷம். மதியத்துக்குள் அவள் கற்பனையில் பதினோரு கல்யாணம் நடத்திக் களைத்துப்போனாள். தப்பு மட்டும் சிக்கவில்லை. இத்தனை அலங்காரத்துக்குள் ஒரு தப்பைத் தேடுவது தேர்க்கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைத் தேடுவதுபோல் இருந்தது.

சாப்பிட்டு வந்ததும் எல்லாவற்றையும் மூடினாள். புதிதாக ஒரு சாம்பிள் ப்ராஜெக்ட் ஆரம்பித்தாள். ஒரு பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அதை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பார்ப்பதற்கான சின்ன ஏற்பாடு. வெற்று விண்டோ ஒன்று; வெள்ளை வெளேர் என்று திறந்தது.

ராமாமிர்தம் பின்னால் வந்து நின்றார்.

"என்னாம்மா, மிசினு போயிடுச்சா?"

"இல்ல சார். சாம்பிள் ப்ராஜெக்ட்."

"ஒண்ணுத்தையும் காணுமே."

"ஒண்ணும் இருக்கக் கூடாது சார். அதுக்குத்தான் இது."

"அஸ்திவாரம் போல்டர காப்பி பண்ணலியா?" என்றார். கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அந்த ஆபீஸில் எதுவும் வெறுமையிலிருந்து ஆரம்பித்ததில்லை. 'அஸ்திவாரம்' என்று ஒரு போல்டர் இருக்கிறது. எந்த வேலையானாலும் அதைக் காப்பி செய்துதான் தொடங்க வேண்டும். லோகோ, நாதஸ்வரம், கைகூப்பிய படம், நிறுவனர் செய்தி, சபாபதியின் பிறந்தநாளன்று தானே வெடிக்கும் பட்டாசு, எல்லாம் அதற்குள் இருக்கின்றன. போன வருஷம் கூட்டல் கணக்குப் போட ஒரு சின்ன நிரல் எழுதினார்கள். இரண்டும் இரண்டும் நாலு என்று அது சொல்வதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும்.

"அஸ்திவாரம் வேணாம் சார்," என்றாள் பெலிசியா. "காலண்டர் மட்டும் போதும்."

மாசியில் வந்த புதுப் பதிப்பில் மாறியிருந்தது அந்தக் காலண்டர் ஒன்றுதான். அதை மட்டும் எடுத்து வெற்று விண்டோவில் வைத்தாள். பக்கத்தில், தேதியும் நேரமும் அடிக்க ஒரு கட்டம். அதன் கீழே ஒரு பட்டன். அவ்வளவுதான். காலண்டரோடு, அதன் அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரியும் ஒட்டிக்கொண்டு வந்தது. 'பஞ்சாங்கக் காலண்டர். கருத்து, ஆக்கம்: சபாபதி.' அதையும் நீக்கிப் பார்த்தாள், நீங்கவில்லை. எவரும் எடுத்துவிடாதபடி சிலம்பரசனிடம் சொல்லி அதற்குப் பூட்டுப் போட வைத்திருந்தார் முதலாளி. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழரை என்று அடித்துப் பட்டனை அமுக்கினாள். பதிவானதற்கு அடையாளமாகக் காலண்டரில் வெள்ளிக்கிழமை சிவந்தது. ஒன்பது, பத்தரை, பன்னிரண்டு, எல்லாவற்றுக்கும் வெள்ளிதான். சரியாகத்தான் இருந்தது. தப்பு காலண்டரில் இல்லையென்றால் லெட்டரில் அவள் பெயர்தான்.

அப்போது அம்மா சவரிமேரி போன் செய்தாள்.

"நாளைக்கு சாயங்காலப் பூசைக்கே போயிடலாமாடி? ஞாயித்துக்கெழம சித்தி வூட்டு விசேஷத்துக்குப் போவணும். சனிக்கெழம சாயங்காலம் பாத்தா ஞாயித்துக்கெழம கணக்குல சேந்துடும்."

சரி என்று சொல்லிப் போனை வைத்தவள், வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். மாதா கோயில் சாமியாருக்கு ஞாயிற்றுக்கிழமை சனிக்கிழமை சாயங்காலமே ஆரம்பித்துவிடுகிறது. இதுநாள்வரை அவள் அதை யோசித்ததே இல்லை. அப்படியானால் இந்தப் பஞ்சாங்கக் காலண்டருக்கு நாள் எப்போது ஆரம்பிக்கிறது?

வெள்ளிக்கிழமை நாலரை என்று அடித்தாள். வியாழன் சிவந்தது.

ஐந்து அடித்தாள், வியாழன். ஐந்தேமுக்கால், வியாழன். ஆறு அடித்தாள், வெள்ளி.

விஷயம் இவ்வளவுதான். ஆறு மணிக்கு முந்தின முகூர்த்தமெல்லாம் அதற்கு முந்தின நாள். புவனகிரிக்காரர்களுக்குக் கொடுத்த தாளில் வெள்ளி என்றே அச்சாகியிருக்கும்; காலண்டரில் மட்டும் அவர்கள் கல்யாணம் வியாழனில் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளி காலியாகத் தெரிய, காட்டுமன்னார்கோயில்காரர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். பெலிசியா அந்தச் சின்ன விண்டோவைப் பார்த்து, யாருமில்லாத பக்கமாகத் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. சபாபதி வந்து ஊதுவத்தி ஏற்றி முடித்ததும் அவர் மேசைக்கே லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் முகம் சுருங்கியது.

"என்னாம்மா இது, எழவு வூட்டு வாசல் மாதிரி வெறிச்சினு கெடக்குது?"

"பாருங்க சார். வெள்ளிக்கெழம, நாலரை மணி. பட்டன அமுக்குறேன். எந்த நாள்ல உக்காருது பாருங்க."

அவர் பார்க்கவில்லை. "நம்ம லோகோ எங்க?"

"சார், வியாழக்கெழமயில..."

"வரவேற்பு எங்க? என் செய்தி எங்க? நம்ம ஆபீஸ்லேருந்து இப்டி ஒண்ணு வெளிய போனா நாலு பேரு என்னா பேசுவான்?"

"இது வெளிய போறதுக்கு இல்ல சார். தப்பு எங்க இருக்குன்னு பாக்குறதுக்கு."

"தப்பா இருந்தாலும் லட்சணமா இருக்கணும்மா!"

பெலிசியா நேராக விஷயத்துக்கு வந்தாள். "இந்தக் காலண்டர் ஒரு நாள காலையில ஆறு மணிக்குத்தான் ஆரம்பிக்குது சார்."

சபாபதியின் முகம் மலர்ந்துவிட்டது. "அதான்மா நம்ம ஸ்பெஷாலிட்டி! இங்கிலீஷ்காரன் நாளுதான் நடுராத்திரியில திருடன் மாதிரி வரும். நம்ம நாளு சூரிய உதயத்துல வரும். நான் சொல்லித்தான் மச்சான் போட்டான். இந்த ஐடியா எந்தக் கம்பெனிக்கும் வரல, தெரியுமா?"

சூரியன் தினமும் ஆறு மணிக்கே உதிப்பதில்லை என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சூரியனுக்கும் அவரே நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்.

"ஆனா கல்யாணப் பத்திரிகையில வெள்ளின்னுதானே சார் அடிச்சிருந்தாங்க?"

"அது அச்சாபீஸ்காரன் தப்பு."

"எல்லாப் பத்திரிகையிலயுமா சார்?"

"உனக்கு இது புரியாதும்மா. உங்க பக்கம் பஞ்சாங்கம் பழக்கம் இல்ல." அத்தோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார். "மொதல்ல இதுக்கு ஒரு சட்டை துணி மாட்டுங்க. அப்பறமா பாக்குறேன். மச்சான்! ராமாமிர்தம் சார்! ரெண்டு பேரும் இந்தப் பொண்ணுக்கு ஒத்தாச பண்ணுங்க."

அந்த ஒத்தாசை சாயங்காலம்வரை நடந்தது. ராமாமிர்தம் அஸ்திவாரத்தைக் கொண்டுவந்து கொட்டினார். நாதஸ்வரம் வந்தது, கைகூப்பு வந்தது, செய்தி வந்தது. விண்டோவின் ஓரத்தில் மாவிலைத் தோரணம் தொங்கியது. காலண்டர் சின்னதாகிச் சின்னதாகி ஒரு மூலைக்குப் போனது. உள்ளே நுழையக் கடவுச்சொல் வேண்டும் என்றார் ராமாமிர்தம். சாம்பிளுக்கு எதற்கு என்றாள் பெலிசியா. "சாம்பிள்னா யாரு வேணா நொழையலாமா?" என்றார் அவர்.

ஐந்து மணிக்குச் சிலம்பரசன் தன் பங்கைச் செய்தான். கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நேரங்களின் பட்டியல் ஒன்றைத் தொங்கவிட்டான். ஆறு, ஆறரை, ஏழு, ஏழரை என்று கீழே போனது.

"நாலரை எங்க சார்?" என்றாள் பெலிசியா.

"நாளே ஆறு மணிக்குத்தான ஆரம்பிக்குது?" என்றான். "டைப் பண்ண வுட்டா ஜனங்க கண்டதையும் அடிப்பாங்க. இப்ப பாரு, எவ்ளோ நீட்டா இருக்குது."

சிலம்பரசன் கெட்டவனில்லை. கெட்டவனாக இருப்பதற்குக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டும்.

சபாபதி வந்து பார்த்தார். ஆறை அமுக்கினார், சரி. ஏழரையை அமுக்கினார், சரி. எல்லாவற்றையும் அமுக்கினார், எல்லாம் சரி. "எங்கம்மா தப்பு?"

"நாலரைய போடணும் சார். அது லிஸ்ட்லேயே இல்ல."

"லிஸ்ட்லேயே இல்லாத நேரத்துக்கு எப்டிம்மா தப்பு வரும்?" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. தெரிந்து செய்தால் திட்டலாம்.

லெட்டர் அன்றைக்கே அச்சாகிவிட்டது. 'எங்கள் ஊழியர் செல்வி பெலிசியா அவர்களின் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்து, 'பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்' என்று முடிந்தது. அவளும் திங்கட்கிழமை கூட வரவேண்டும் என்றார் சபாபதி. நேரில் நின்றால் அந்தம்மாவுக்கு இரக்கம் வருமாம். வேலையை விட்டு எடுத்த ஆளைக் கூடவே அழைத்துப் போகிறோமே என்று அவருக்கும் தோன்றவில்லை, ராமாமிர்தத்துக்கும் தோன்றவில்லை. பெலிசியாவுக்கு அன்றைய சாயங்காலப் பூசை தவறிப்போனது. ஆனால் கிளம்புவதற்குமுன், வெள்ளிக்கிழமை செய்து தனியே சேமித்து வைத்திருந்த அந்தப் பழைய சாம்பிளைத் தன் பென்டிரைவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காரில் முன்னால் சபாபதியும் சிலம்பரசனும், பின்னால் பெலிசியாவும் பழத்தட்டும். சிதம்பரம் போய்ச் சேரும்வரை ஆரஞ்சுப் பழங்கள் உருளாமல் பிடித்துக்கொள்வது அவள் பொறுப்பு.

குமுதவல்லி மகாலின் மேனேஜர் விருத்தாம்பாள். ஐம்பது வயசு, இடுப்பில் சாவிக்கொத்து. இரண்டு சம்பந்தி வீட்டாருக்கும் நாலு நாளாகப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. பழத்தட்டை வாங்கி, பார்க்காமலே ஸ்டூலில் வைத்தாள். சிலம்பரசன் ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரில் புது சாம்பிளை ஏற்றித் திறந்தான். நாதஸ்வரம் கிளம்பியது.

"அந்த மேளத்த நிறுத்துப்பா," என்றாள் விருத்தாம்பாள். "வாரத்துல நாலு நாளு இங்க அதான் கேக்குறேன்."

நிறுத்த வழியில்லை. அஸ்திவாரத்தில் அதற்குப் பட்டன் வைக்கவில்லை. மேளம் ஓய்ந்து, கைகூப்பு முடிந்து, நிறுவனர் செய்தியைச் சபாபதியே கூடவே வாசித்தார். விருத்தாம்பாள் அதற்குள் இரண்டு போன் பேசி முடித்தாள்.

"சரி," என்றாள். "நான் அன்னிக்கு என்னா போட்டனோ அதையே போடு. புவனகிரி பார்ட்டி. வெள்ளிக்கெழம. நாலரை ஆறு."

சிலம்பரசன் பட்டியலைத் திறந்தான். மேலே போனான், கீழே போனான்.

"நாலரை எங்கப்பா?"

"அது வந்து மேடம், சாம்பிள்ல..."

"வைகாசியில பாதிக் கல்யாணம் நாலரை ஆறுதான். அத வுட்டுட்டு என்னாத்த காட்ட வந்தீங்க?"

சபாபதி குறுக்கே புகுந்து லெட்டரை நீட்டினார். "அம்மா, சாப்ட்வேர்ல தப்பே இல்ல. தப்பு பண்ணது இந்தப் பொண்ணு. எடுத்துட்டோம். லெட்டர பாருங்க."

விருத்தாம்பாள் படித்தாள். பிறகு பெலிசியாவைப் பார்த்தாள். "நீதான மாசி மாசம் வந்து இத ஏத்திக் குடுத்த?"

"ஆமாங்க."

"என்னா தப்பு பண்ண?"

வெள்ளிக்கிழமையிலிருந்து அவளைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டவள் விருத்தாம்பாள் ஒருத்திதான்.

"சொல்றதவிட காட்டுறேங்க. ஒரு நிமிசம் போதும்."

"பெலிசியா!" என்றார் சபாபதி. விருத்தாம்பாள் எழுந்து தன் நாற்காலியையே தள்ளிக் கொடுத்தாள். அவர் அடுத்த அதட்டலைத் தேடுவதற்குள் பென்டிரைவைச் செருகி, அந்தச் சின்ன விண்டோவைத் திறந்துவிட்டாள் பெலிசியா. மேளமில்லை, கும்பிடுமில்லை. ஒரு காலண்டர், ஒரு கட்டம், ஒரு பட்டன்.

"நீங்களே அடிங்கம்மா."

விருத்தாம்பாள் நின்றபடியே ஒற்றை விரலால் அடித்தாள். வெள்ளி, ஏழரை. வெள்ளி சிவந்தது. வெள்ளி, நாலரை. வியாழன் சிவந்தது. நம்பாமல் மறுபடி அடித்தாள். மறுபடியும் வியாழன்தான்.

"அப்ப ஆனியிலயும் ஆவணியிலயும் நான் போட்டு வச்சிருக்குற நாலரை ஆறெல்லாம்?"

"எல்லாம் முந்தின நாள்ல போயி உக்காந்திருக்கும்ங்க."

விருத்தாம்பாள் விரல் விட்டு எண்ணினாள். ஏழு கல்யாணம் வந்தது. ஏழு தடவை இரண்டு மாப்பிள்ளைகள் வந்து நிற்பதை நினைத்தாளோ என்னவோ, சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அது தப்பு இல்லம்மா," என்றார் சபாபதி. "சாஸ்திரம். நம்ம நாளு சூரிய உதயத்துலதான்..."

"நாளு எப்ப பொறக்குதுன்னு நான் அய்யர்ட்ட கேட்டுக்குவேன். மண்டபத்த எந்த நாளு யாருக்குத் தொறந்து வுடுறதுன்னுதான் உங்களக் கேட்டேன். யாரு வேல இது?"

"டீம்ல யாரோ... விசாரிக்கணும்மா. பெரிய டீமு."

சிலம்பரசன் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தான். விருத்தாம்பாள் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையின் அருகே குனிந்தாள். சற்றுமுன் பார்த்த சாம்பிளில் அந்தப் பெயர் நாற்பது இடத்தில் இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை. இங்கே படிப்பதற்கு அந்த ஒரே வரிதான் இருந்தது.

"பஞ்சாங்கக் காலண்டர்," என்று எழுத்தெழுத்தாகப் படித்தாள். "கருத்து, ஆக்கம்... சபாபதி." நிமிர்ந்தாள். "உங்க ஆபீஸ்ல இன்னொரு சபாபதி இருக்காரா?"

"இல்லங்க," என்றான் சிலம்பரசன், கேட்காமலே. "மாமா மட்டுந்தான்."

விருத்தாம்பாள் லெட்டரை மேசையில் வைத்தாள். பேனாவை எடுத்து, 'செல்வி பெலிசியா' என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். பேனாவைத் திருப்பிச் சபாபதியிடம் நீட்டினாள்.

"பேர மாத்திக் குடுங்க. நான் ரெண்டு வூட்டுக்கும் காட்டணும். கடைசியில வேலைய வுட்டு எடுத்துட்டோம்னு இருக்குதே, அத நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

சபாபதி பேனாவைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எழுதினார். ஸ்டூலில்கூட முழ நீளத்துக்குத் தன் பெயரை எழுதியவர், இங்கே கடுகு அளவுக்கு எழுதினார். தப்பாக இருந்தாலும் லட்சணமாக இருக்க வேண்டும் என்றவரின் எழுத்து கோணல்மாணலாகப் போனது. விருத்தாம்பாள் வாங்கிப் பார்த்து, "கொஞ்சம் பெருசா எழுதுங்க, கண்ணு தெரியல," என்றாள். மறுபடி எழுதினார்.

ஏழு கல்யாணங்களையும் சரியான நாளுக்கு நகர்த்திவிட்டுத்தான் போக வேண்டும் என்று பெலிசியாவை நிறுத்திக்கொண்டாள் விருத்தாம்பாள். கார் காத்திருக்கவில்லை. வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்குக் கடலூர் பஸ் ஏறினாள். வேலை போகவில்லை. அவளையும் அனுப்பிவிட்டால் திருத்துவதற்கு அந்த ஆபீஸில் ஆள் ஏது? மன்னிப்புக் கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அஸ்திவாரத்தில் அதற்கும் இடமில்லை.

புதுச்சத்திரம் தாண்டும்போது போனில் முதலாளியிடமிருந்து செய்தி வந்தது. 'அந்தக் காலண்டர் அடியில் உள்ள வரியை எல்லா மண்டபத்திலும் உடனே எடுத்துவிடவும். மிக அவசரம்.'

பெலிசியா இரண்டு தடவை படித்தாள். பிறகு நிதானமாக அடித்தாள். 'அது வராது சார். யாரும் எடுக்க முடியாதபடி பூட்டச் சொன்னது நீங்கதான்.'